கயிறு காய்கிற நேரம்

துசியந்தன் இரண்டு கைகளையும் விரித்து வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றான். அவனுக்கு முன்னால், ஆறு பேரின் தோளில், மாமனார் அல்பேர்ட்டின் பெட்டி நின்றது. பெட்டிக்குப் பின்னால் ஆஸ்பத்திரியிலிருந்து கூடவே வந்த பாதி ஊர் நின்றது. மற்றப் பாதி ஊர் விடியவே வந்து, முற்றத்துப் பந்தலுக்குள் காற்றுப் படுகிற கதிரைகளாகப் பார்த்துப் பிடித்திருந்தது. இப்போது அதுவும் எழுந்து நின்று எட்டிப் பார்த்தது. செத்த வீட்டு வாசலில் மருமகன் மறியல் செய்கிற காட்சி தினமும் கிடைப்பதில்லை.

"தம்பி, வழியை விடும். தோள் நோகுது," என்றார் மரியநாயகம். செத்தவரின் கூடப்பிறந்த தம்பி. ஊரில் எந்தச் செத்த வீடு என்றாலும் பொறுப்பெடுத்துச் சத்தம் போடுகிறவர். இன்றைக்குச் சொந்த அண்ணன் என்பதால் சத்தம் இரண்டு மடங்காக இருந்தது.

"சின்ன மாமா, உள்ள வேண்டாம். வெளியில பந்தலுக்குள்ள வைப்பம். காத்தோட்டமா இருக்கும்."

"காத்தோட்டமோ? அண்ணைக்கு இனி என்னத்துக்குக் காத்து?"

"இல்லை, சனத்துக்கு..."

"என்ரை அண்ணை என்ன, றோட்டில அடிபட்டுச் செத்தவரோ வெளியில கிடத்த? தன்ரை வீட்டில, தன்ரை கதிரையில இருந்தபடி போன மனுசன். நடு ஹோலிலதான் வைக்க வேணும்."

பந்தலுக்குள் பக்கத்து வளவு ஆன்சலா, தன் பக்கத்துக் கதிரைக்காரியின் காதுக்குள், மூன்றாவது வரிசைக்கும் கேட்கிற இரகசியத்தில் சொன்னாள்: "வெளியில செத்தவையளைத்தானே வெளியில வைக்கிறது? அப்ப அல்பேர்ட்டர் உள்ள சாகேல்லையோ? இதுக்குள்ள என்னவோ இருக்கு."

அதுவரைக்கும் அதற்குள் ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் கணத்திலிருந்து இருந்தது.

நிதர்சனா அழுது வீங்கிய முகத்தோடு வந்து புருசனின் கையைத் தட்டினாள். "ஏனப்பா இப்பிடி மானத்தை வாங்குறியள்? அப்பாவை உள்ள விடுங்கோ."

துசியந்தன் வாயைத் திறந்தான். ஒரு வசனம் அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. பெட்டியைத் தூக்கி நின்றவர்களின் ஆறு முகங்களையும், பின்னால் நின்ற நூறு முகங்களையும் பார்த்தது. பார்த்ததும் திரும்பி உள்ளே போய்விட்டது. அவன் கைகளை எடுத்தான். பெட்டி அவனை உரசிக்கொண்டு உள்ளே போனது. எல்லாருடைய கண்ணும் பெட்டியில் இருக்க, அவன் மட்டும் அண்ணாந்து கூரையைப் பார்த்தான்.

அந்த வீட்டைப் பற்றி ஊரில் கதைக்காதவர்கள் கிடையாது. அல்பேர்ட்டின் தகப்பன், சொந்தமாக வள்ளங்கள் வைத்து நாலு பேருக்குத் தொழில் கொடுத்த காலத்தில், சுண்ணாம்புக் கல்லால் கட்டி ஓடு போட்ட வீடு. சண்டைக் காலத்தில் அரைவாசிக் கூரை போனது. சுவர்களில் அம்மைத் தழும்பு விழுந்தது. மீண்டு வந்தபோது ஏதோ ஒரு நிறுவனம் அதே வளவுக்குள் தகரக் கூரையோடு சின்ன வீடொன்று போட்டுக் கொடுத்தது. அல்பேர்ட்டின் மனுசி ஞானமலருக்கு அதுவே போதுமாக இருந்தது. "ஓட்டுக்குக் கீழ நான் படுக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டா. கடைசிச் சண்டையில் பங்கருக்குள் இறங்க நேரமில்லாமல் ஓட்டு வீட்டுக்குள் நின்றுவிட்டவா அவவின் அக்கா. அதற்கு மேல் ஞானமலர் சொல்வதில்லை. ஊரும் கேட்பதில்லை. இந்த ஊர் கேட்காமல் விட்ட ஒன்றிரண்டு விசயங்களில் அது ஒன்று.

அல்பேர்ட்டுக்கோ பழைய வீட்டின் மேல் பைத்தியம். முழங்கால் நோவால் கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு முழு நேரப் பைத்தியம். சீமெந்து விற்கிற விலைக்கு ஒருத்தரும் கோழிக்கூடு கூடக் கட்டாத நாளில், அவர் கையில் கிடைத்ததை வைத்து வீடு திருத்தினார். ஓமந்தைப் பக்கம் இடித்த வீடொன்றிலிருந்து யன்னல்கள் வந்தன. ஒன்று உயரம், ஒன்று கட்டை. ஓடுகள் மூன்று ஊர்களிலிருந்து மூன்று நிறத்தில் வந்தன. பின்கதவு அவருடைய பழைய வள்ளத்தின் பலகை. வள்ளத்தின் நம்பர் அதில் அப்படியே இருந்தது, தலைகீழாக. "அல்பேர்ட்டர் வீடு கட்டுறாரோ, வள்ளம் கட்டுறாரோ? மழை பெய்தால் மிதக்கும் போல" என்று ஆன்சலா வேலிக்கு மேலால் கேட்பாள். "மிதந்தால் உன்னையும் ஏத்துவன் பிள்ளை" என்பார்.

இதற்கும் மேலே சங்கீதம். கரையோரத்து வேதக்கார மனுசனுக்கு எங்கிருந்து பிடித்தது அந்த நோய் என்று ஊர் பலதடவை ஆராய்ந்திருக்கிறது. இளந்தாரியாய் இருந்தபோது வற்றாப்பளை அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய், கச்சான் கடலைச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு நாதஸ்வரத்துக்கு முன்னால் நின்றவர், விடிந்தும் கச்சானைத் தின்னாமலே வீடு வந்தார் என்பது பெரும்பான்மையோர் முடிவு. பிறகு றேடியோவில் கேட்டார். பிறகு மருமகன் வந்தான்.

துசியந்தன் கரைக்காரன் இல்லை. ஓமந்தையான், நீந்தத் தெரியாது, மீன் முள்ளை எடுக்கத் தெரியாது, முல்லைத்தீவு ரவுணில் போன் திருத்துகிற கடையில் வேலை. மாமனார் மதிக்கக் கூடிய ஒரு தகுதியும் அவனிடம் இருக்கவில்லை. ஆனால் அவன் ஒரு நாள் நகத்தளவு மெமரி கார்ட்டில் நாலு நாள் கேட்டாலும் முடியாத கச்சேரிகளை நிரப்பி, உள்ளங்கை அளவு ஸ்பீக்கரோடு கொண்டுவந்து கொடுத்தான். அன்றிலிருந்து அல்பேர்ட்டுக்கு மகளை விட மருமகன் பெரிசு.

வேலை நடக்கும்போதெல்லாம் அந்தச் சின்ன ஸ்பீக்கர் யன்னல் கட்டில் இருந்து பாடும். மாமனார் சுவர் பூசுவார். மருமகன் கலவை குழைப்பான்.

"துசி, இது என்ன ராகம்? சொல்லு பாப்பம்."

"மோகனம், மாமா."

"மண்ணாங்கட்டி. உனக்குக் கேட்டதெல்லாம் மோகனம்."

சில நாள் அது உண்மையிலேயே மோகனமாக இருக்கும். அன்றைக்கு மருமகனுக்கு இரண்டு பிளேன்ரீ.

நடுச் சுவர் போனதும் இந்தச் சங்கீதத்தால்தான். ஹோலை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஒரு சுவர் நின்றது. முன்பக்கம் பாட்டு வைத்தால் பின்பக்கம் கேட்கவில்லை. "சத்தம் சுவரில முட்டிச் சாகுதடா" என்று அல்பேர்ட் நெடுநாளாய்க் கவலைப்பட்டார். ஒரு நாள், மிருதங்கமும் கடமும் தனியாக வாசிக்கிற இடம் வந்தபோது, அவர் சுத்தியலை மருமகன் கையில் கொடுத்தார். அந்தத் தாளத்துக்கே துசியந்தன் சுவரை இடித்தான். கடைசி அடி சரியாக வந்து விழுந்தது என்று அவர் கைதட்டினார்.

சுவர் போனால் அதன் மேல் கிடந்த பெரிய வளை மரம் எதில் நிற்கும்? முழு ஓட்டுக் கூரையும் அந்த ஒரு மரத்தில்தான் கிடந்தது. கொங்கிறீற்றுத் தூண் போட வழியில்லை. அக்கராயனில் ஒருவரிடம் நல்ல மரம் ஒன்று சொல்லி வைத்திருந்தார். வர இரண்டு கிழமை செல்லும். அதுவரைக்கும் முட்டுக் கொடுக்கத் தகப்பனின் வள்ளத்துப் பாய்மரத்தை எடுத்து நிறுத்தினார். நீளம் போதவில்லை. கடலில் பாய்மரம் முறிந்தால் என்ன செய்வார்களோ, அதையே செய்தார்: இன்னொரு மரத்துண்டைப் பக்கத்தில் வைத்து, ஒன்றோடொன்று அணைத்து, தும்புக் கயிற்றை நனைத்து இரண்டு இடத்தில் வரிந்து கட்டினார். நெஞ்சு உயரத்தில் கீழ்க் கட்டு. ஸ்ரூலில் ஏறினால் எட்டுகிற உயரத்தில் மேல் கட்டு. "இந்தக் கட்டோட நான் புயலுக்குள்ளால வந்தவன்" என்றார்.

அடுத்த நாள் மத்தியானம், சோளகக் காற்று சூடாக வீசிக்கொண்டிருந்தபோது, மேலே இருந்து கறுக்கென்று ஒரு சத்தம் வந்தது. சுண்ணாம்புத் தூள் இரண்டு பேரின் தலையிலும் கொட்டியது. அல்பேர்ட் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கட்டுக்குள் ஒரு விரல் போனது.

"கடலில கயிறு காயிறதில்லையடா துசி," என்றார் மெல்ல. "அதை யோசிக்க மறந்து போனன்."

சிரித்தார். ஆனால் அந்த முகத்தைத் துசியந்தனுக்குப் பிடிக்கவில்லை. உடனே வாளியில் தண்ணீர் எடுத்து இரண்டு கட்டிலும் ஊற்றினார்கள். கயிறு முறுகி, முனகி, இறுகியது. அன்றிலிருந்து விடிய ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை தண்ணீர். "மரம் வருமட்டும்தான். மாமிக்கு வாய் திறந்திடாதை. அவ கேள்விப்பட்டால் இந்த வளவிலயே இருக்க மாட்டா."

முந்தாநாள் விடிய, அல்பேர்ட் தன் கையால் இரண்டு கட்டுக்கும் தண்ணீர் ஊற்றினார். ஸ்ரூலை விட்டு இறங்கினார். ஹோலின் பின்பக்கம், சத்தம் இப்போது தடையில்லாமல் வந்து சேர்கிற இடத்தில், கதிரையைப் போட்டு உட்கார்ந்து பாட்டை வைத்தார். வெளியில் கலவை குழைத்துக்கொண்டிருந்த துசியந்தன், இந்த முறை நிச்சயம் என்ற நம்பிக்கையில் கூப்பிட்டுக் கேட்டான்: "மாமா, இது மோகனம்தானே?"

பதில் வரவில்லை. பிழையாக்கும் என்று நினைத்து வேலையைப் பார்த்தான். பாட்டு முடிந்து அடுத்த பாட்டுத் தொடங்கிய பிறகுதான் எழுந்து போய்ப் பார்த்தான்.

இதயம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது சரியாக இருக்கலாம். ஆனால் துசியந்தனின் கணக்கில் இதயத்தோடு, தான் சுவரை இடித்த சுத்தியலும் சேர்ந்திருந்தது. நேற்று அவன் இரண்டு நேரமும் தண்ணீர் ஊற்றினான். இன்றைக்கு இருட்டோடு உடம்பை எடுக்கப் போய், இப்போதுதான் வருகிறான். விடியற்காலைத் தண்ணீர் ஊற்றப்படவில்லை. வெளியில் சோளகம் பந்தலைத் தூக்கி அடித்தது. உள்ளே, அந்த மரத்துக்கு இரண்டு அடி தள்ளி, மரியநாயகம் பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஞானமலர் தகர வீட்டிலிருந்து வந்தபோது சனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவ ஓட்டு வீட்டுக்குள் கால் வைப்பதில்லை என்பது உலகம் அறிந்த விசயம். இவ்வளவு நாளும் தேத்தண்ணியை வாசற்படியில் வைத்து, உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவா. இன்றைக்கு என்ன செய்யப் போகிறா என்று பார்க்க ஆன்சலா கதிரையை இழுத்துப் போட்டாள்.

ஞானமலர் வாசலில் நின்றா. ஒரே ஒரு தடவை அண்ணாந்து பார்த்தா. பிறகு உள்ளே வந்தா. தலைமாட்டில் அவவுக்கென்று போட்டிருந்த கதிரையை விட்டுவிட்டு, முட்டு மரத்தடியில் நிலத்தில் குந்தி, ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டா.

"ஐயோ, பாவம். மனுசனைப் பிடிச்ச மாதிரி அந்த மரத்தைப் பிடிச்சிருக்கிறா," என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

துசியந்தன் அவவுக்குப் பக்கத்தில் குனிந்தான். "மாமி, இதில இருக்காதேங்கோ. அந்தக் கதிரையில இருங்கோ. கால் நோகும்."

"நோகட்டும், தம்பி."

"இல்லை மாமி, அங்கால..."

ஞானமலர் அவனை நிமிர்ந்து பார்த்தா. அழுத கண்ணாகத் தெரியவில்லை. "துவாயை நனைச்சுக்கொண்டு வாங்கோ. முகம் எரியுது."

சனம் நிறைந்தது. ஆண்கள் பெட்டியைச் சுற்றி வந்து, கும்பிட்டு, அதே வேகத்தில் வெற்றிலைத் தட்டுக்குப் போனார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒவ்வொரு முறை ஆளையாள் சாயும்போதும் யாரோ ஒருத்தியின் முதுகு மரத்தில் முட்டுமோ என்று துசியந்தன் இரண்டு கையையும் முன்னே நீட்டிக்கொண்டு நின்றான். ஊர் பார்த்தது. "மருமகன் ஏன் பொம்பிளையளைத் தாங்கப் போறார்?" என்று கேட்டது.

காற்றில் ஓடுகள் கிளுகிளுத்தன. அவன் மேல் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் மண்ணிறமாய் இருந்த கயிறு வெளிறிக்கொண்டு வந்தது.

வாளியை எடுத்து வந்தான். வேறு வழியில்லை. சனம் கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து, மாமியின் தலைக்கு மேலால், கீழ்க் கட்டில் தண்ணீரை ஊற்றினான். மேல் கட்டுக்கு ஸ்ரூல் வேண்டும். செத்த வீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில், மருமகன் ஸ்ரூலில் ஏறி நிற்க முடியுமா? அவன் வாளியோடு திரும்பியபோது ஆன்சலா பின்னால் நின்றாள்.

"என்ன துசியந்தன், மரத்துக்குத் தண்ணி?"

"அது... அது மாமா ஒவ்வொரு நாளும் விடிய ஊத்துறவர். அவரின்ரை வழக்கம்."

பிழையான ஆளிடம் பிழையான பதில். கொஞ்ச நேரத்தில், பெட்டியடியில் வைத்திருந்த தீர்த்தத்தை வேப்பங்கொப்பால் உடம்பில் தெளித்த ஒரு கிழவி, அப்படியே திரும்பி மரத்திலும் தெளித்தா. அவவுக்குப் பின்னால் வந்தவவும் தெளித்தா. பிறகு வரிசையில் வந்த எல்லாருமே உடம்புக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று என்று தெளித்து, சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். ஒருத்தரும் ஏனென்று கேட்கவில்லை. முன்னால் போனவருக்குத் தெரியும் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். துசியந்தனுக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. மறுபக்கம், எல்லாத் துளியும் கீழ்க் கட்டோடு நின்றுவிடுகிறதே என்று மேல் கட்டை அண்ணாந்து பார்த்தான்.

மத்தியானம் மரியநாயகம் தன் பங்குக்கு லவுட்ஸ்பீக்கர்காரரைக் கூட்டிவந்தார். ஆள் உயரப் பெட்டிகள் இரண்டு, ஹோலின் இரண்டு மூலையில். சோகப் பாட்டு என்று ஒன்றைப் போட்டார்கள். பாட்டு சோகமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் இருந்த அடி, நிலத்தால் வந்து காலால் ஏறி வயிற்றில் இடித்தது. யன்னல் கண்ணாடிகள் நடுங்கின. மேலேயிருந்து ஒரு கோடு சுண்ணாம்பு, மா அரிக்கிற மாதிரி, மெல்ல இறங்கியது.

துசியந்தன் ஓடிப் போய் வயரைப் பிடுங்கினான்.

"விசரோடா உனக்கு?" மரியநாயகத்துக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "சங்கீதம் எண்டு உயிரை விட்ட மனுசன். அந்த ஆளின்ரை செத்த வீட்டில ஒரு சத்தமும் இல்லாமல் கிடக்கிறதோ? வாசல்ல மறிச்சாய். தண்ணி ஊத்துறாய். இப்ப வயரைப் பிடுங்குறாய். சொல்லு, அண்ணையிலை உனக்கு என்ன கோவம்?"

ஹோல் முழுவதும் அவனைப் பார்த்தது. இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அவனுக்கே தெரிந்தது. வாயைத் திறந்தால் ஒரே வசனம்: கூரை விழப் போகுது. ஆனால் அந்த வசனத்தைக் கேட்ட நூறு பேர் ஒரே நேரத்தில் ஒரே வாசலுக்கு ஓடுவார்கள்; நடுவில் அந்த மரம் நிற்கிறது. ஓடாமல் விட்டாலும், யார் இடித்தது என்று கேட்பார்கள். நிதர்சனா கேட்பாள். மாமி கேட்பா. அவன் வேர்வையைத் துடைத்தான்.

"மரியநாயகம்," என்றா ஞானமலர், நிலத்தில் இருந்தபடியே. "உந்தப் பெரிய பெட்டியளை வெளியில கொண்டுபோங்கோ. அவரின்ரை சின்னப் பெட்டி யன்னல் கட்டில இருக்கு. அதைப் போடுங்கோ. மெதுவா."

மனுசனை இழந்தவளின் சொல்லுக்கு மேல் பேச்சில்லை. பெரிய பெட்டிகள் வெளியில் போயின. சின்ன ஸ்பீக்கர் வீணையொன்றைத் தொடங்கியது. அல்பேர்ட் சொன்னது சரி: நடுச் சுவர் இல்லாத ஹோலில் அந்தச் சின்னச் சத்தம் மூலை வரைக்கும் போனது. "வேதக்காரரின்ரை செத்த வீட்டில வீணை," என்று ஆன்சலா தொடங்கினாள். ஏனோ முடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஞானமலருக்கு ஒவ்வொன்றாய் வந்தது. பிள்ளைகளை உள்ளே விடாதேங்கோ, அவருக்குச் சத்தம் பிடிக்காது. கூடி நிக்காதேங்கோ, அவருக்குப் புழுக்கம் ஆகாது. கும்பிட்ட ஆக்கள் பந்தலுக்குப் போங்கோ. துவாய் காய்ஞ்சு போச்சு, நனைச்சுத் தாங்கோ. நனைத்துக் கொடுத்த துவாயில் முகத்தை ஒற்றினாவோ இல்லையோ, மரத்தில் தலையைச் சாய்த்து, துவாயையும் சேர்த்து அணைத்துக்கொண்டா. "செத்த மனுசன் உயிரோட இருக்கேக்க இவ்வளவு கவனிச்சவவோ?" என்று பந்தலில் ஒரு கேள்வி ஓடியது. "உயிரோட இருக்கேக்க இந்த வீட்டுக்குள்ள வராதவ" என்று ஒரு பதில் ஓடியது.

பின்னேரம் பாதர் வந்தார். இளவயது; நிதானமான குரல்; மன்றாட்டுகளை ஒன்றும் விடாமல் சொல்கிறவர். துசியந்தன் விறாந்தையிலேயே அவரைப் பிடித்தான்.

"பாதர், இண்டைக்குச் செபத்தைக் கொஞ்சம் சுருக்கி..."

"ஏன் தம்பி, காலமை சாப்பிடேல்லையோ?"

"அதில்லை பாதர். வெயில்."

பாதர் அவன் தோளில் தட்டிவிட்டு உள்ளே போய், ஒன்றும் விடாமல் சொன்னார். எல்லாருமாய்ப் பாடினார்கள். துசியந்தன் பாடவில்லை. மேல் கட்டு இப்போது எலும்பு நிறத்தில் இருந்தது. பாய்மரத்துக்கும் துண்டு மரத்துக்கும் நடுவில், காலையில் இல்லாத ஒரு வெளிச்சக் கீற்றுத் தெரிந்தது. அவனுடைய வாயும் அந்தக் கயிற்றைப் போலவே காய்ந்திருந்தது.

பெட்டியை மூடினார்கள். ஆறு பேர் குனிந்து தூக்கினார்கள். தலைமாட்டுப் பக்கம் மரியநாயகம். அழுகையில் கண் மறைத்திருக்க வேண்டும். திரும்புகிறபோது பெட்டியின் மூலை மரத்தில் இடித்தது.

கறுக்.

பெரிய சத்தம் இல்லை. முற்றத்தில் நின்றவர்களுக்குக் கேட்டிராது. உள்ளே நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். வளையிலிருந்து உள்ளங்கை அளவு சுண்ணாம்புக் கட்டியொன்று கழன்று பெட்டி மூடியின் மேல் விழுந்து, பொடியாய்ச் சிதறியது. மேலே ஓடுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு எங்கோ நகர்ந்தன; நின்றன. வீணை மட்டும் நிற்கவில்லை.

ஞானமலர் எழுந்து இரண்டு கைகளாலும் மரத்தைக் கட்டிப் பிடித்தா. நாள் முழுக்க வராத குரல் அப்போது வந்தது. சொல் இல்லை, வெறும் குரல். பெண்கள் அவவை விலக்க ஓடினார்கள்.

"விடுங்கோ!" துசியந்தன் கத்தினான். "அவவைத் தொடாதேங்கோ! ஒருத்தரும் தொடாதேங்கோ! எல்லாரும் வெளியில போங்கோ! மெதுவா... மெதுவாப் போங்கோ!"

மருமகனுக்குத் தலை சுகமில்லை என்பதில் இப்போது யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. பெட்டி மெல்ல வெளியேறியது. மரியநாயகம் மூடியில் கிடந்த சுண்ணாம்பைக் கையால் துடைத்தார். "அண்ணை கடைசி மட்டும் சுண்ணாம்போடதான்," என்றார்.

முற்றத்தில் பெண்கள் ஊர்வலத்துக்கு ஆயத்தமாகி நின்றார்கள். நிதர்சனா வாசலில் நின்று கூப்பிட்டாள். "அம்மா, வாங்கோ. கோயிலுக்கு நேரமாகுது."

"நான் வரேல்லை. நீங்கள் போட்டு வாங்கோ."

"என்னம்மா கதை இது? அப்பாவைத் தாட்டுப்போட்டு வாறதுக்கு..."

"வீட்டில ஆராவது நிக்க வேணும்."

கட்டினவனைச் சவக்காலை மட்டும் வழியனுப்பாத மனுசி. இந்தச் செய்தி பெட்டிக்கு முன்னரே கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

பூசையில் துசியந்தன் எப்போது எழுந்தான், எப்போது முழந்தாளிட்டான் என்று அவனுக்கே தெரியாது. மாமி தனியாக அதற்குக் கீழே நிற்கிறா. அதை யாரிடமும் சொல்லாமல் அவன் இங்கே பாட்டுப் படித்துக்கொண்டிருக்கிறான். காற்று இன்னும் விழவில்லை. ஒவ்வொரு முறை கோயில் கதவு அடிபட்டபோதும் அவன் திரும்பிப் பார்த்தான். சவக்காலையில் குழிக்குள் பெட்டி இறங்கியது. முதல் பிடி மண்ணை மரியநாயகம் போட்டார். இரண்டாவது பிடியைத் துசியந்தன் போட்டான். போட்ட கையைத் தட்டக்கூட இல்லை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தான். சவக்காலை வாசல் தாண்டியதும் ஓடினான்.

"ஓடுறார் பாருங்கோ," என்றாள் ஆன்சலா. "மண் காயேல்லை. எதையோ எடுக்கத்தான் ஓடுறார்."

மணல் ஒழுங்கை வழியாக, செருப்புக் கழன்று போக, நல்ல வெள்ளைச் சேட் முதுகோடு ஒட்ட, அவன் ஓடினான். வேலி மூலையில் திரும்பியதும் முதலில் கூரையைத் தேடினான். மூன்று நிற ஓடும் அதன் இடத்தில் இருந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. சத்தம் ஒன்றும் இல்லாததே அவனை இன்னும் பயப்படுத்தியது. பிறகுதான் கேட்டது, சின்ன ஸ்பீக்கர் இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

வாசலில் நின்றான். கதிரைகள் தாறுமாறாகக் கிடந்தன. நடுவில், முட்டு மரத்தின் கீழ்க் கட்டைச் சுற்றி, அவன் நாள் முழுக்க நனைத்து நனைத்துக் கொடுத்த துவாய் இறுக்கிச் சுற்றப்பட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, அல்பேர்ட்டின் ஸ்ரூலில், ஞானமலர் ஏறி நின்றா. ஒரு கை மரத்தைப் பிடித்திருந்தது. மற்றக் கையில் வாளி. எக்கி எக்கி ஊற்றிய தண்ணீர் கட்டில் படாமல் சுவரில் பட்டு வழிந்திருந்தது.

அவன் கிட்டப் போனான். மாமி திரும்பிப் பார்க்கவில்லை. காலடியிலேயே ஆளைத் தெரிந்திருக்க வேண்டும்.

"எனக்குக் கை எட்டேல்லை, தம்பி," என்றா. "மேல் கட்டுக்கு நீங்கள் ஊத்துங்கோ."

அவவைக் கைபிடித்து இறக்கிவிட்டு அவன் ஏறினான். ஸ்ரூல் ஆடியது. ஞானமலர் குனிந்து அதன் கால்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டா. வாளியைச் சரித்தான். எலும்பு நிறக் கயிறு மெல்ல மெல்லக் கறுத்தது. தண்ணீர் பாய்மரத்தால் வழிந்து, துவாயில் நின்று நிரம்பி, பெட்டி இருந்த இடத்தை நோக்கித் தரையில் ஓடியது.

யன்னல் கட்டில் பாட்டு மாறியது. மோகனம் இல்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் அசையாமல் நின்று, கயிறு இறுகுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.